கருங்காய்ச்சல் கிருமி குறிவைக்கும் புரதம்

1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், நீண்டநாள் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியவர்களின் உடலிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார் மருத்துவர் சார்லஸ் டோனவன். லீஷ்மேனியா டோனவானி என்று அவர் பெயரையும் தாங்கி நிற்கும் அந்த ஒட்டுண்ணிதான், மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் எனும் கருங்காய்ச்சலுக்குக் காரணம். நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, நம் செல்கள் மரபணுக்களை அடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ளவும் அதே கிருமி உதவியது.

மரபணுவின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வருகிறது, அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. அந்தச் செய்தியை வழியிலேயே அடக்குபவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். கொண்டை ஊசிபோல் மடிந்த ஆர்.என்.ஏ.வை டைசர் என்ற புரதம் சுமார் 22 எழுத்து நீளத்துக்கு நறுக்குகிறது. அதில் ஓர் இழையை ஆர்கோநாட் புரதம் பிடித்துக்கொள்கிறது. இழை இலக்கைக் காட்டும், அவ்வளவுதான். முழுக்கப் பொருந்தும் தூதை ஆர்கோநாட்-2 வெட்டிவிடும். பாலூட்டிகளில் பெரும்பாலும் தொடக்கத்து ஏழெட்டு எழுத்துகளே பொருந்துகின்றன. அப்போது வேறு புரதங்கள் வந்து தூதின் வாலைக் குறைத்து அதைச் சிதைக்கின்றன. ஆகவே, டைசர் போன்ற கூட்டாளிப் புரதம் போனால் அடக்குமுறையும் போயிற்று.

2013-ல் கொல்கத்தா இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் சுவேந்திரநாத் பட்டாச்சார்யா குழுவினர் எலிகளில் கண்டது இதைத்தான். ஒட்டுண்ணியின் ஜிபி63 என்ற நொதி கல்லீரல் செல்களை அடைந்து, அங்கே டைசரைச் சிதைக்கிறது. கல்லீரலில் மிகுதியாக உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.-122 குறைகிறது, அதோடு ரத்தக் கொலஸ்ட்ராலும் இறங்குகிறது. டைசரையோ அந்த ஆர்.என்.ஏ.வையோ மீட்டுக்கொடுத்தபோது கொலஸ்ட்ரால் ஏறியது, கல்லீரலில் கிருமியும் குறைந்தது. நோய்க்கிருமி ஒன்று இவ்வளவு துல்லியமாக நம் செல்லின் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

கிருமி முடக்கும் இதே பாதையை மருத்துவம் தன் பயனுக்கு இயக்குகிறது. கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்க்ளிசிரான், ஏற்கெனவே நறுக்கிய அளவில் செய்யப்பட்ட ஆர்.என்.ஏ. அதற்கு டைசர் தேவையில்லை. ஆர்கோநாட்டில் நேரே ஏறி, அந்தக் கொலஸ்ட்ராலை உயரவைக்கும் பிசிஎஸ்கே9 மரபணுவின் தூதை வெட்டவைக்கிறது. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். கல்லீரல் செல்கள் மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு சர்க்கரையை ஒட்டி அனுப்புவதால் மருந்து அங்கே எளிதில் சேர்கிறது. மூளைக்கும் நுரையீரலுக்கும் இவ்வகை மருந்துகளைக் கொண்டுசேர்ப்பதுதான் இன்னமும் கடினம்.