கூட்டாளி தயங்கும்போது

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நால்வர் இரண்டு ஜோடிகளாக எதிரெதிரே உட்காருகிறார்கள். ஆளுக்கு 13 சீட்டு. கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்பதை அவர் ஏலத்தில் கேட்பதிலிருந்தும் இறக்கும் சீட்டிலிருந்தும்தான் ஊகிக்கலாம். ஒரு ஜோடி தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு எதுவானாலும் எதிர் ஜோடிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து 304-உம் ஜோடி ஆட்டம்தான். வீட்டு விறாந்தையில் கண்ணைச் சிமிட்டி முப்பது புள்ளிச் சீட்டைக் காட்டிக்கொடுத்தால் அது சிரிப்போடு போய்விடும். போட்டி மேசையில் அதற்குப் பிறகு ஆட்டமே மிச்சமிருக்காது.

ஆனால் கள்ளச் சைகை எளிய சிக்கல். அது தவறு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கடினமானது வேறு. எதிராளி நான்கு ஸ்பேட் கேட்கிறார். கூட்டாளி நெடுநேரம் யோசித்துவிட்டு ‘பாஸ்’ என்கிறார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, யோசிப்பது குற்றமும் இல்லை. ஆயினும் அவர் கை வெறுங்கை அல்ல என்பது மேசையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர் ஜோடி அந்தத் தயக்கத்திலிருந்து தம் பொறுப்பில் எதையும் ஊகித்துக்கொள்ளலாம். தயங்கியவரின் கூட்டாளிக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. ஆட்டச் சட்டத்தின் 16-ஆம் விதிப்படி, அதே தரத்து ஆட்டக்காரர்கள் உண்மையாகவே பரிசீலிக்கக்கூடிய வேறு வழி ஒன்று இருக்குமானால், தயக்கம் சுட்டுகிற வழியை அவர் எடுக்கக் கூடாது. 73-ஆம் விதி இன்னும் கண்டிப்பானது: அந்தத் தகவலால் வரும் ஆதாயத்தை அவர் கவனமாகத் தவிர்க்க வேண்டும்.

“எப்படியும் ஐந்து ஹார்ட் கேட்டிருப்பேன்” என்று அவர் வாதிடலாம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். நடுவர் அவர் மனத்தைத் துருவிப் பார்ப்பதில்லை. அதே கையை வேறு சில ஆட்டக்காரர்களிடம் காட்டி, தயக்கத்தைப் பற்றிச் சொல்லாமல், என்ன கேட்பீர்கள் என்று விசாரிக்கிறார். சிலர் பாஸ் சொன்னாலே போதும், எதிர் ஜோடிக்கு நட்டம் நேர்ந்திருந்தால் புள்ளி திருத்தப்படும். யார் மீதும் ஏமாற்றுக்காரர் என்ற பழி விழாது. பிரிட்ஜ் சட்டத்தில் மிக நாகரிகமான பகுதி இதுதான். நேர்மையாளருக்கு அதிகம் எரிச்சலூட்டுவதும் இதுவே.

தன் தவறைத் தானே சொல்லும் கடமையில் சட்டம் இரு மனத்தோடு நிற்கிறது. வேண்டுமென்றே விதியை மீறக் கூடாது. தெரியாமல் மீறியதைத் தானாக முன்வந்து சொல்லவேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. ஆனால் அதை மறைக்க முயலக் கூடாது. தன் ஜோடி பிடிக்காத பிடியின் புள்ளியைத் தெரிந்தே ஏற்கவும் கூடாது. கூட்டாளி எதிராளிக்குத் தவறான விளக்கம் கொடுத்திருந்தால் திருத்தியே ஆக வேண்டும். ஏலத்தில் வென்ற ஜோடி முதல் சீட்டு இறங்குமுன் திருத்த வேண்டும். தடுத்தாடும் ஜோடி ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது, ஏனென்றால் முன்பே சொன்னால் அந்தத் திருத்தமே கூட்டாளிக்குத் துப்பாகிவிடும்.

கள்ளத்தனத்தின் பக்கம் திரும்பினால், 2015 செப்டம்பர் இறுதியில் சென்னையில் தொடங்கிய உலக அணிப் போட்டிகள் நினைவுக்கு வரும். அதற்குச் சில வாரங்கள் முன்பு நார்வேயின் போயே புரோகலான், தம் முன்னாள் அணித் தோழர்களான இஸ்ரேலின் லோட்டன் ஃபிஷர், ரான் ஷ்வார்ட்ஸ் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவர்களோடு சேர்ந்து வென்ற பட்டங்களையும் விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். வெளியே அதிகம் பேசப்படாத இந்தச் செயலுக்குத்தான் கூடுதல் துணிவு தேவைப்பட்டிருக்கும். அந்த ஜோடி ஆடிய வீடியோக்களை அலசியவர்கள், சீட்டுகள் வைத்திருக்கும் பலகையை மேசையில் வைக்கும் இடமே எந்த இனத்தை இறக்க வேண்டும் என்று கூட்டாளிக்குச் சொல்வதைக் கண்டார்கள். மொனாக்கோவுக்காக ஆடிய இத்தாலியர்கள் ஃபான்டோனி, நூனெஸ் மீதான குற்றச்சாட்டு, சீட்டை நெடுக்காகவும் கிடையாகவும் வைப்பதைப் பற்றியது. இந்தச் சர்ச்சைகளின் நடுவே இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வராமலே விலகின. போலந்தின் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. போலந்து அணியில் மிஞ்சிய நால்வரும் மாற்று ஆளின்றி ஆடி, இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை வென்று உலகப் பட்டமான பெர்முடா கோப்பையை எடுத்துச் சென்றார்கள்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஃபான்டோனி–நூனெஸ் மீது ஐரோப்பிய பிரிட்ஜ் அமைப்பு விதித்த தடையை, ஆதாரம் போதவில்லை என்று 2018-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நீக்கியது.

கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே தட்டி வைக்கும் வழக்கம் பெர்முடா கோப்பையில் 1975-இல் தொடங்கியது. அந்தப் போட்டியிலேயே ஓர் இத்தாலிய ஜோடியின் கால்கள் மேசைக்கு அடியில் பேசுவதாகப் புகார் எழுந்ததால், அடியிலும் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. 2020-இல் கொரோனா முடக்கத்தோடு ஆட்டம் இணையத்துக்குப் போனபோது இந்தத் தடுப்பெல்லாம் பயனற்றுப்போனது. பெங்களூரின் தொம்மலூரில் ஒரு வீட்டில் மடிக்கணினி முன் இருப்பவருக்கும் கொல்கத்தாவில் இருக்கும் கூட்டாளிக்கும் நடுவே தட்டி இல்லை, போன் இருக்கிறது. வேறொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்தால் நான்கு கைகளையும் பார்த்துவிடலாம். அதனால் போட்டி நடத்துபவர்கள் பார்வையாளரைத் தடுக்கிறார்கள் அல்லது தாமதமாகக் காட்டுகிறார்கள். புகார் வந்தால் அந்த ஜோடியின் பழைய ஆட்டங்களை எடுத்து, முதல் சீட்டுகள் நம்ப முடியாத அளவுக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரே கையில் அபாரமாக ஊகித்தவரை அதை வைத்துக் குற்றவாளியாக்க முடியாது.