கரையோர மாணவன் எழுதாத கட்டுரை

கல்லூரியின் முதலாம் ஆண்டு மாணவ வாழ்விலே ஒரு தனிப் பருவம். பள்ளிச் சீருடை களைந்தாயிற்று. கல்லூரி மாணவன் என்னும் பெயரோ இன்னும் உடம்போடு ஒட்டவில்லை. இந்நிலையில் நின்று திரும்பிப் பார்ப்பவனுக்குப் பள்ளிக் காலம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். இன்னும் ஈராண்டு கழிந்தால் அது மங்கத் தொடங்கும். ஆதலின் முதலாம் ஆண்டு மாணவர்க்கு ‘என் பள்ளி வாழ்வும் அன்றாட வாழ்வும்’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தல் தமிழாசிரியர் பலர்க்கும் வழக்கம். எனக்கும் அவ்வழக்கம் உண்டு.

மன்னார்த் தீவிலிருந்தும் அதனை அடுத்த பெருநிலக் கரையூர்களிலிருந்தும் வரும் மாணவர் எழுதும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகின்றேன். எழுத்துப் பிழை குறைவு. சந்தி பெரும்பாலும் செம்மை. தொடக்கமும் முடிவும் அளவோடு அமைந்திருக்கும். எனினும் அவற்றுட் பத்தினை எடுத்துப் பெயரை மறைத்து வைத்தால், எழுதியவர் ஊர் மன்னாரா, மலையகமா, மட்டக்களப்பா என்று கூற எவராலும் இயலாது. சேவல் கூவுகின்றது, கதிரவன் உதிக்கின்றான், அன்னை எழுப்புகின்றாள், பள்ளி என்னும் ஆலயத்திலே ஆசான் என்னும் தெய்வம் அறியாமை இருளை அகற்றுகின்றது, பிரிவு நாளிலே கண்கள் குளமாகின்றன. கடல் எங்கே? காற்று எங்கே? தந்தை எங்கே? காலையில் உண்ட உணவு வீட்டுக்கு வந்த வழி எங்கே?

இத்தகைய கட்டுரை ஒன்றன் நடுவே ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. வாடைக் காலத்தில் வகுப்பிலே தன் பக்கத்து வாங்கு வெறுமையாக இருக்கும் என்று மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். ஏன் வெறுமை என்று விளக்கவில்லை. அடுத்த வரியிலேயே அறியாமை இருளுக்குத் திரும்பிவிட்டாள். அழைத்து வினவினேன். காற்று மாறியதும் தோழியின் குடும்பம் வடகரையை விட்டுத் தென்கரை வாடிக்குப் போய்விடும் என்றாள். “அதனை ஏன் எழுதவில்லை?” என்றேன். “அதெல்லாம் கட்டுரைக்கு வருமா, ஐயா?” என்றாள்.

வரும்; வரவேண்டும். வாராமையால் நாம் இழப்பன யாவை என்று காட்டுதலே இங்கு எம் நோக்கம்.

காற்றின் நேரசூசி

அந்த வெற்று வாங்கின் பின்னே ஒரு புவியியல் இருக்கின்றது. மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வடமேற்கு நோக்கி நீண்டு கிடப்பது. அதன் வடபால் பாக்கு விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. சோளகம் வீசுங் காலத்திலே தென்கடல் கொந்தளிக்கும். வாடை வீசுங் காலத்திலே வடகடல் கொந்தளிக்கும். ஆகவே சிறுபடகுத் தொழிலாளர் ஒரு பருவத்தில் ஒரு கரையிலும் மறு பருவத்தில் மறு கரையிலுமாக மாறி மாறித் தொழில் செய்வர். பாடசாலைக்கு மூன்று தவணை. கடலுக்கு இரண்டு தவணை. இவ்விரு நேரசூசிகளும் ஒன்றோடொன்று இசையாதபோது இடையில் அகப்படுபவன் மாணவன். வரவுப் பதிவேட்டிலே அது ஒரு சிவப்புக் கோடு. அக்கோட்டின் பொருளைக் கூறவல்லவன் அம்மாணவனையன்றி வேறு யாவன்?

அவன் கூறாமைக்குக் காரணம் அறியாமையன்று, நாணம். நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வி, வலைஞர் மகனுக்கும் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. எனினும் வாயிலைக் கடந்து வந்தவன் தன் சட்டையில் மீன் மணம் வீசுமோ என்று அஞ்சுகின்றான். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. கல்வியிற் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. முதலாம் ஆண்டிலே உடன்மாணவர் வாயிலாக, “கோட்டாவில் வந்தவன்” என்னுஞ் சொல்லை அவன் கேட்க நேரிடுகின்றது. கேட்டவன் தன் ஊரைக் கட்டுரையிலிருந்து அழித்துவிடுகின்றான். பிறர் நடையை வாங்கிப் போர்த்துக் கொள்கின்றான். இந்நாணத்தை நீக்குதல் தமிழாசிரியன் கடன்.

எற்பாடும் மீன்பாடும்

நாணத்தை நீக்க நூலே துணை செய்யும். நெய்தல் திணையை மாணவர் மனனஞ் செய்கின்றனர். நிலம், கடலும் கடல்சார்ந்த இடமும், தொழில், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும், உரிப்பொருள், இரங்கல், சிறுபொழுது, எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல். படு என்னும் வினையின் முதனிலை நீண்டு பாடு எனத் தொழிற்பெயராயிற்று என்று இலக்கணமுங் கூறுவர்; புள்ளியும் பெறுவர்.

அதே மாணவன் வீட்டுக்குச் சென்றால், கரையிலிருந்து வந்த தந்தையை அயலவர் கேட்கும் முதற் கேள்வி, “இன்றைக்குப் பாடு எப்படி?” என்பதே. மீன்பாடு என்பது வலையிற் படுதல். ஞாயிறு படுதலும் மீன் படுதலும் ஒரே வினையின் பிள்ளைகள். தாழ்வுபாடு என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றிலும் அவ்வொலியே நிற்கின்றது. எற்பாட்டை ஏட்டிலும் மீன்பாட்டை முற்றத்திலும் வைத்திருக்கும் மாணவன் இவ்விரண்டையும் ஒருமுறையேனும் சேர்த்து எண்ணியதுண்டா? ஒன்று இலக்கியம், மற்றது கொச்சை என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்?

ஊர்ப்பெயர்களை நோக்குக. எருக்கலம்பிட்டியிலே எருக்கும் மேடும் உள்ளன. பிட்டி என்பது மேட்டு நிலம். நடுக்குடா, பள்ளிமுனை, ஓலைத்தொடுவாய், சிலாவத்துறை என்பன குடாவும் முனையும் தொடுவாயும் துறையுமாகக் கரையின் வடிவத்தையே எழுதிக் காட்டுகின்றன. விடத்தல்தீவு பெருநிலக் கரையில் இருப்பினும் தீவு எனப் பெயர் பெற்றது. விடத்தல் என்பது ஒரு முள்மரம். இத்துணைப் பெயர்களும் அம்மாணவன் பேருந்திலே நாடோறும் கடந்து செல்லும் பெயர்கள். வாடை சங்கப் புலவர்க்கு உரியது என்று கற்றவன், கொண்டலும் கச்சானும் சோளகமும் தன் பாட்டனுக்கு உரியன என்று எழுத ஏன் தயங்கவேண்டும்? தொல்காப்பியர் சொற்களை வகுக்குமிடத்து இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் இடந்தந்தார். ஆசிரியன் சிவப்பு மையால் அவ்விடத்தைப் பறிப்பது முறையாகாது.

பிறர் எழுதிய கரை

அன்றாட வாழ்வை எழுதுதல் சிறு செயல் என்று கருதுவோர் மன்னார்க் கரையின் அரிப்பு என்னும் ஊரை நினைத்துக் கொள்க. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் கரையிறங்கிக் கண்டியரசனின் சிறையான ஆங்கில இளைஞன் றொபேட் நொக்ஸ். அப்பொழுது அவன் வயது 19; நம் முதலாம் ஆண்டு மாணவன் வயதே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1679இல், அருவியாற்றின் வழியே காடு கடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றான். 1681இல் அவன் நூல் இலண்டனில் வெளிவந்தது. இன்று வரலாற்றறிஞர் அந்நூலைப் போற்றுவது அவன் தப்பிய வீரத்துக்காக மட்டுமன்று. மக்கள் எவ்வாறு உழுதனர், எதை உண்டனர், எவ்வாறு வீடு கட்டினர், எவ்வாறு மணந்தனர் என்று நாள்வாழ்வை அவன் நுணுகி எழுதியமையே அதன் பெருமை.

முத்துச் சலாபத்தையும் நோக்குக. மறிச்சுக்கட்டியில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பின்போது அங்குப் பணியாற்றிய இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப். சலாபப் பாளையத்தின் காட்சிகளை அவர் 1961இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலொன்றிலே விரித்துள்ளார். அவர் கண்டது அதிகாரியின் கண். சிப்பிக் குவியலின் நாற்றத்தை அவர் எழுதினார். அந்நாற்றத்தினிடையே வளர்ந்த பிள்ளை அதனை எவ்வாறு உணர்ந்தது என்பதை அவர் எழுதவியலாது. அது உள்ளூரார் எழுதவேண்டிய பகுதி.

தமிழிலே இதற்கு வழிகாட்டி இல்லாமலில்லை. உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார். ஏடு தேடிய பெரும் புலவர் அவர். ஆயினும் அந்நூலில் நம் நெஞ்சில் நிற்பன திண்ணைப் பள்ளிக்கூடமும், குடும்பத்தின் வறுமையும், ஊர்விட்டு ஊர் சென்ற பயணங்களும், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு கழித்த நாள்களுமே. தாம் பயின்ற பள்ளியை ஆலயம் என்று கூறி அவர் நின்றுவிட்டிருந்தால் நமக்கு அந்நூற்றாண்டின் கல்வி முறையே தெரிந்திராது.

அழிந்துபோகக் கூடியவை

மன்னார் மாணவர் எழுதவேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு, அது கடுமையானது. இன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருப்போர், போர் முடிந்த 2009இலே மழலைகள். அவர்தம் பெற்றோரின் பள்ளிக் காலமோ நடுவே முறிந்த காலம். 1990 ஒக்டோபரிலே வட மாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியே புத்தளக் கரையை அடைந்தனர். அவர்கள் பிள்ளைகள் அகதி முகாம்களிலிருந்து பள்ளி சென்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமிலே தங்கின. அங்கும் பிள்ளைகள் படித்தனர். தலைமன்னார்ப் புகைவண்டி 1990இல் நின்றது. மீண்டும் ஓடியது 2015 மார்ச்சு மாதத்திலே. கால் நூற்றாண்டு அத்தண்டவாளத்தில் ஒரு மாணவனும் பயணஞ் செய்யவில்லை.

இவற்றை அரசறிக்கைகள் எண்ணாகக் கூறும். இடம்பெயர்ந்த பிள்ளை எந்தப் புத்தகத்தைப் பையில் எடுத்தது, எதனை விட்டுச் சென்றது, புதிய பள்ளியில் அதன் பேச்சைக் கேட்டு யார் சிரித்தார் என்பனவற்றை அறிக்கை கூறாது. அவை தாய் தந்தையர் நினைவிலே உள்ளன. கேட்டு எழுதாவிடின் அவர்களோடு மறையும். எருக்கலம்பிட்டி மாணவியும் பேசாலை மாணவனும் இன்று ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்கின்றனர். ஒருவர் வீட்டுப் பள்ளிக் கதையை மற்றவர் படித்தறிதல், எத்தனையோ மேடைப் பேச்சுகள் செய்யாத நன்மையைச் செய்யும்.

நிகழ்காலமும் எழுத்தை வேண்டி நிற்கின்றது. எல்லை தாண்டிவரும் இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுந்த வீட்டிலே, அம்மாதத்தின் வகுப்புக் கட்டணம் தவறுகின்றது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அயற்படகுகளின் வருகையோ அதனால் ஒழியவில்லை. தீவின் தென்கரையில் 2020 திசம்பரில் தொடங்கிவைக்கப்பெற்ற காற்றாலைகள் 30. மேலும் காற்றாலை நிறுவுதலையும் கனியமணல் அகழ்தலையும் எதிர்த்து 2025இலே மன்னார் மக்கள் தெருவில் இறங்கினர். இவ்வழக்குகளில் நாளை ஊரின் சார்பில் மனு எழுதுவோர் யார்? சேவல் கூவும் கட்டுரையில் பயின்ற கை, வெள்ளம் நிற்கும் இடத்தையும் வலை விரிக்கும் இடத்தையும் பிறர் ஏற்கும்படி எழுதவல்லதாகுமா?

எழுதும் முறை

இளைஞர்க்குச் சில கூறுவேன். பத்தாண்டுப் பள்ளி வாழ்வையும் மூன்று பக்கத்தில் அடைக்க முயலாதீர். ஒரு நாளை எடுத்துக் கொள்ளுங்கள். பொருள்களை அவற்றின் பெயரால் அழையுங்கள். மீன் என்னாது சூடை என்றும் பாரை என்றும் திருக்கை என்றும் எழுதுங்கள். மரம் என்னாது பெருக்கமரம் என்றெழுதுங்கள். பள்ளிமுனையின் அப்பெரு மரத்தையும், தெருவை மறித்து நிற்கும் கழுதைகளையும், வாடையோடு வந்திறங்கும் பூநாரைகளையும் கண்டு வளர்ந்த மாணவன் ‘இயற்கை எழில் கொஞ்சும் என் ஊர்’ என்று எழுதி அமைவது வறுமையன்றோ? நானாட்டான், முருங்கன் பக்கத்தவர் கட்டுக்கரைக் குளத்து நீர் திறக்கும் நாளை எழுதுக. ஐயம் நேர்ந்தவிடத்து வீட்டாரைக் கேளுங்கள். அகராதி அறியாத சொல்லைப் பாட்டி அறிவாள்.

வாக்கியம் இலக்கண வரம்பினுள் நிற்கட்டும். அதில் தளர்ச்சி வேண்டா. பெயர்ச்சொல் ஊருடையதாகவும் வாக்கிய அமைதி மொழியுடையதாகவும் இருப்பின் அந்நடை எவர்க்கும் விளங்கும். எவ்வூரார்க்கும் சுவை தரும்.

ஆசிரிய நண்பர்க்கும் ஒரு விண்ணப்பம். மாதிரிக் கட்டுரையைப் பிழையின்றி ஒப்பிப்பவனுக்கு முழுப்புள்ளி வழங்கிவிட்டுத் தற்சிந்தனை இல்லையே என்று வருந்துதல் நடுவுநிலையன்று. சொந்தக் கண்ணாற் கண்ட ஒரு செய்திக்கு இரண்டு புள்ளி கூட்டிக் கொடுங்கள். நல்லனவற்றைப் பாடசாலைச் சஞ்சிகையிலே பதிப்பியுங்கள். அடுத்த தவணை இக்கட்டுரைப் பொருளைக் கரும்பலகையில் எழுதும்போது அதன் கீழே ஒரு சிறு வினாவையும் எழுதிவிடுங்கள்: நீ பள்ளிக்குப் புறப்பட்ட காலையில் காற்று எத்திசையிலிருந்து வீசியது?