கூட்டலும் பெருக்கலும் பெருமழையும்

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்னும் தொடரைக் கேட்டறியாதார் இரத்தினபுரி மாவட்டத்திற் குறைவு. 2003ஆம் ஆண்டு மே மாதத்திற் களு கங்கை பெருகிப் பேரழிவு விளைத்தது; 14 ஆண்டுகள் கழித்து, 2017 மே மாதத்தில், மீண்டும் பெருவெள்ளம் வந்தது. அவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரத்தக்கவை என்பதைப் பொறியியலார் ஆராய்க. நாம் ஈண்டு நோக்குவது அத்தொடரின் பொருளை மட்டுமே. ஒருமுறை வந்துவிட்டால் எஞ்சிய 99 ஆண்டும் அச்சமின்றி உறங்கலாம் என்பது அதன் பொருளன்று. ஒவ்வோராண்டிலும் அவ்வெள்ளம் வருவதன் நிகழ்தகவு 1/100 என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்ததை இவ்வாண்டு மழை அறியாது.

அங்ஙனமாயின், கொடகவெலப் பகுதித் தோட்டமொன்றில் ஓடைக்கரையில் 30 ஆண்டு வாழும் குடும்பம் அத்தகைய வெள்ளத்தைக் காண்பதன் நிகழ்தகவு யாது? 1/100 ஐ முப்பது முறை கூட்டி, 30 வீதம் என்பர் சிலர். அவ்வழியே சென்றால் 101ஆம் ஆண்டில் நூறு வீதத்தையும் கடந்துவிடுவோம்! கூட்டல் விதி, ஒருங்கே நிகழமாட்டாத நிகழ்ச்சிகளுக்கே நேராகப் பொருந்தும். ஒரு பகடையின் ஓர் உருட்டில் ஐந்தும் ஆறும் ஒருங்கே விழா; ஆகவே இரண்டில் ஒன்று விழுவது 1/6 + 1/6 = 1/3. இரு பகடைகளை உருட்டி, ஒன்றிலேனும் ஆறு விழுவதை நாடினாலோ, இரண்டிலும் ஆறு விழும் 1/36 இருமுறை எண்ணப்பட்டுவிடும். மிகையைக் கழித்தால் 11/36. (தருமர் இக்கணக்கை அறிந்திருந்தால் எனப் பெருமூச்சு விடுவோர் உளர். சகுனி எதிரேயிருக்கையில் எக்கணக்கும் உதவாது.) 1654இல் பஸ்காலும் பேர்மாவும் சூதாட்டக் கணக்குகள் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே இத்துறை தழைத்தது.

வெள்ளத்துக்கு எளிய வழி, வராமையைக் கணக்கிடுதல். ஓராண்டில் வராமை 99/100. ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு முப்பது முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.74. ஆகவே ஒருமுறையேனும் வருவது 0.26, நான்கிலொரு பங்கிற்குச் சற்று மேல்.

சாராதவை எனக் கொண்டு என்றோமே, அங்கேதான் இடர் பதுங்கியிருக்கிறது. ஒரு தோட்டத்தின் கீழ்ப்பாதை ஓராண்டில் மூழ்குவது 1/20 எனவும், மேற்சரிவு இடிவது 1/50 எனவும் ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் இரண்டும் சேர்ந்து வருவது 1/1000. கவலை வேண்டாம் போலும்! ஆயின் பாதையை மூழ்கடிப்பதும் சரிவை இளக்குவதும் ஒரே மழையன்றோ? பாதை மூழ்கியபோது சரிவு இடிவதன் நிகழ்தகவு 1/5 ஆயின், சரியான பெருக்கம் 1/20 × 1/5 = 1/100. முன்னைய விடையினும் பத்து மடங்கு. இரண்டில் ஒன்றேனும் நிகழ்வதோ 1/20 + 1/50 − 1/100, அதாவது 0.06, சாராமையாகக் கொண்டால் வரும் 0.069 இலும் இது குறைவு. துன்பம் வரும் தடவைகள் சற்றுக் குறைந்து, வரும்போது இரட்டையாக வருகிறது. தப்பியோட வேண்டிய வேளையிலேயே பாதையும் இல்லை.

லயன்களுக்கும் இஃது ஒக்கும். ஒரே சரிவின் கீழ் அடுத்தடுத்த பத்துக் காம்பராக்கள் பத்துத் தனி நிகழ்ச்சிகள் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயன் வரிசைகள் ஒருசேரப் புதையுண்டன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் ஒரே சரிவு பல குடும்பங்களை ஒருங்கே வாரிக்கொண்டது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிவித்தலுக்கு மழையளவையே பற்றுக்கோடாகக் கொள்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆயின் எச்சரிக்கை, 150 ஆயின் வெளியேற்றம். கொடகவெலப் பிரிவின் பெயரும் அவ்வறிவித்தல்களில் இடம்பெறுவதுண்டு. அவை கூறுவது ஆண்டுக்கு 1/50 என்னும் பொதுக்கணக்கையன்று. இவ்வளவு மழை பெய்துவிட்டபின் எஞ்சியுள்ள நிபந்தனை நிகழ்தகவை.