விரோதி வருஷத்துக் குழந்தைகள்

சிம்ம ராசிக்காரர் நடித்தால் கர்ஜனை இருக்கும். துலா ராசிக்காரர் டைரக்டரானால் காட்சிகளில் அழகும் ஒழுங்கும் நிறைந்திருக்கும். விருச்சிக ராசிக்காரரிடம் மர்மக் கதையை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் – இப்படி ஒரு சாஸ்திரம் வெகு நாளாக உலவி வருகிறது. பொழுதுபோக்காகப் படிப்பதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பள்ளிக்கூட நாடகத்தில் ஆசையோடு வேஷம் கேட்கும் பையனை, "உன் ஜாதகத்தில் கலைக்கு இடமில்லையாம்" என்று சொல்லி அழைத்துப் போகும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். ஆகையால் விஷயத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

1889-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி இங்கிலாந்தில் சார்லி சாப்ளின் பிறந்தார். நாலு நாள் கழித்து, 20-ந் தேதி, ஆஸ்திரியாவில் ஹிட்லர் பிறந்தார். நமது பஞ்சாங்கப்படி இருவரும் விரோதி வருஷம் சித்திரை மாதத்துக் குழந்தைகள். இருவருக்கும் சூரியன் மேஷத்தில்தான். உதட்டின்மேல் அந்தத் துண்டு மீசையும் இருவருக்கும் பொது. 1940-இல் வெளிவந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' என்னும் படத்தைச் சாப்ளின் தாமே எழுதி, தாமே டைரக்ட் செய்து, சர்வாதிகாரியாகவும் ஓர் ஏழை யூத நாவிதனாகவும் இரட்டை வேஷத்தில் தாமே நடித்தார். ஒரே மேஷச் சூரியன் ஒருவர் கையில் பிரம்பையும் மற்றவர் கையில் சம்ஹார ஆயுதத்தையும் கொடுத்தது எப்படி?

ஜோசியரிடம் இதற்கு விடை உண்டு. நமது சாஸ்திரத்தில் ஒருவருடைய ராசி என்பது சந்திரன் நின்ற இடம். சந்திரனோ ஒரு ராசியைச் சுமார் இரண்டேகால் நாளில் கடந்துவிடும். லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு தரம் மாறும் என்பார். நியாயமான விடைதான். ஆனால் பிறந்த நேரம் சரியாகத் தெரிய வேண்டுமே! சாப்ளினுடைய பிறப்புப் பதிவு இதுவரை அகப்படவில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறந்ததாக அவர் சுயசரிதையில் எழுதினார். அக்காலத்து நாடகப் பத்திரிகை ஒன்றோ பிறந்த தேதியையே 15 என்று போட்டிருந்தது. இவ்வளவு ஆதாரத்தை வைத்துக்கொண்டு அவருக்கு லக்கினம் கணித்து, அந்தக் கோணல் நடை எந்தக் கிரகத்தின் கைங்கரியம் என்று நிர்ணயிப்பவர்களின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

திகில் பட மன்னர் ஹிட்ச்காக்கின் கதை இன்னும் வேடிக்கை. அவர் பிறந்தது 1899 ஆகஸ்டு 13. மேனாட்டார் கணக்கில் சூரியன் அன்று சிம்மத்தில். நமது கணக்கில் ஆடிக் கடைசி, அதாவது கடகத்தில். இரண்டு கணக்குகளுக்கும் இடையே இன்று ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம் இருக்கிறது. சிம்மம் என்று வைத்துக்கொண்டால், "தம் படங்களில் தாமே ஒரு கணம் தலைகாட்டிய ராஜ கம்பீரத்தைப் பாருங்கள்!" எனலாம். கடகம் என்றால், "கடகம் தாய்க்கும் வீட்டுக்கும் உரியது, 1960-இல் வந்த 'சைக்கோ'வில் வீடும் தாயுமாகவே இருக்கிறதே!" எனலாம். எந்தச் சட்டையும் பொருந்துமானால் அது அளவெடுத்துத் தைத்த சட்டையல்ல. 1948-இல் அமெரிக்காவில் போரர் என்னும் மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு, 'உன் குணாதிசயம்' என்று தனித்தனியே ஒவ்வொரு தாள் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த மார்க்கு, சராசரி ஐந்துக்கு நாலுக்கு மேல். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். பெரும்பாலும் கடையில் வாங்கிய ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தது!

நம் நாட்டிலும் சோதனை நடந்திருக்கிறது. வானசாஸ்திரி ஜயந்த் நார்லிகர் 2008-இல் மகாராஷ்டிரத்தில், புத்திசாலிக் குழந்தைகளின் ஜாதகங்களையும் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஜோசியர்களுக்கு ஆளுக்கு 40 அனுப்பினார். 27 பேர் விடை எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் சரியானவை பாதிக்கும் குறைவு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.

பின், சாப்ளினின் கலை எங்கிருந்து வந்தது? ஏழு வயதில் தாயுடனும் தமையனுடனும் லண்டன் அநாதை விடுதிக்குப் போன பையன் அவர். தாய் மேடைப் பாடகி. பின்னால் சித்தம் கலங்கினாள். அவள் ஜன்னலில் நின்று, தெருவில் போவோர் வருவோரைப் போல நடித்துக் காட்டியதிலிருந்துதான் மனிதர்களைக் கவனிக்கக் கற்றேன் என்று சாப்ளின் சொல்லியிருக்கிறார். பிறகு கார்னோ கம்பெனியில் வருஷக்கணக்கான மேடைப் பயிற்சி. 1931-இல் காந்தியடிகள் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றபோது சாப்ளின் அவரைச் சந்தித்து, இயந்திரங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்று கேட்டார். 1936-இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரப் பற்சக்கரங்களுக்குள் சிக்கிச் சுழலும் தொழிலாளியைக் கண்டவர்கள், அந்தச் சம்பாஷணையை நினைக்காமல் இருக்க முடியாது.

நம் ஊர் உதாரணமும் ஒன்று. எம். ஜி. ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17. இரண்டு கணக்கிலும் மகரச் சூரியன். சிவாஜி கணேசன் பிறந்தது 1928 அக்டோபர் 1. மேனாட்டுக் கணக்கில் துலாம், நமது கணக்கில் கன்னி. இருவரும் சிறு பிராயத்திலேயே பாலர் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து, அங்கே உருவானவர்கள். சிவாஜி முதலில் போட்டது சீதை வேஷம்! ஒரே வகைப் பட்டறையிலிருந்து வந்தும் ஒருவர் வாள் வீச்சிலும் மற்றவர் வசன வீச்சிலும் பேர் வாங்கினார்கள் என்றால், பயிற்சி மட்டுமே எல்லாம் என்றும் நாம் சொல்வதற்கில்லை. அவரவர் உடலமைப்பு, குரல், கிடைத்த கதை, எழுதிக் கொடுத்த ஆசிரியர் என்று எத்தனையோ சேர்ந்திருக்கின்றன. இருவரும் சேர்ந்து நடித்த படம் ஒன்றே ஒன்றுதான்: 1954-இல் டி. ஆர். ராமண்ணா டைரக்ட் செய்த 'கூண்டுக்கிளி'. அது நன்றாக ஓடவில்லை. மகரமும் கன்னியும் பகை ராசிகளல்ல என்று நம் தெரு ஜோசியர் அடித்துச் சொல்கிறார்.