புஸ்ஸும் டமாரும்

தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் வெடிக்காத வெடிகளைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தியிருக்கிறீர்களா, நேயர்களே? இல்லையென்றால் நீங்கள் பரம சாது. மற்றவர்களுக்குத் தெரியும்: 'புஸ்' என்று ஒரு ஜ்வாலை, கொஞ்சம் புகை. (புருவம் போனவர்களும் உண்டு, குழந்தைகளைச் செய்ய விடாதீர்கள்.) 'டமார்' மட்டும் கேட்காது. அதே மருந்தைக் காகிதத்தில் சுற்றிச் சணலால் இறுக்கினால் தெருவே அதிர்கிறதே, அது ஏன்?

இந்தக் கேள்வியோடு சிவகாசிக்குப் புறப்பட்ட நமக்கு, விருதுநகரை அடுத்த சூலக்கரையிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கொடுத்தது ஒரு சைக்கிள் பம்பு! கடைக்கார அண்ணாச்சி வேகமாகக் காற்றடித்துவிட்டு, அதன் அடிப்பாகத்தைத் தொடச் சொன்னார். சுட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. அவர் கை செய்த வேலைதான் உள்ளே அகப்பட்ட காற்றில் உஷ்ணமாகியிருந்தது. பிறகு டயரின் வால்வை அழுத்தினார். சீறி வந்த காற்று விரலில் சில்லென்று பட்டது. முண்டியடித்து வெளியே வருகிற வேலைக்கு அந்தக் காற்று தன் உள் சக்தியையே செலவழிக்கிறது.

வாயுக்களின் வரவு செலவு இவ்வளவுதான். கொடுத்த உஷ்ணத்தில் ஒரு பங்கு உள் சக்தியாகத் தங்கும். மற்றப் பங்கு எதையாவது தள்ளி வேலை செய்யும். காலணா கூடாது, குறையாது. இங்கிலாந்தில் ஜூல் என்பவர் 1840-களில் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கிக் கலக்கி இந்தக் கணக்கைச் சரிபார்த்தார். 1850-ல் ஜெர்மானியர் கிளாசியஸ் அதை விதியாக எழுதினார். விருதுநகர் மண்டிக்காரர்களுக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்லித் தரவேண்டுமா, என்ன!

இனி வெடிக்கு வருவோம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கருமருந்து. ஒரு கிலோ கருமருந்து தருகிற உஷ்ணம், ஒரு கிலோ விறகு தருவதில் நாலில் ஒரு பங்குகூட இராது! ஆனால் விறகு வெளிக்காற்றை வாங்கி நிதானமாக எரிகிறது. கருமருந்துக்கு வேண்டிய பிராணவாயு வெடியுப்பிலேயே இருப்பதால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து தீர்கிறது. திறந்த வெளியில், பிறந்த வாயு உடனுக்குடன் விரிந்து போய்விடும், அதுதான் 'புஸ்'. சணல் சுற்றுக்குள் விரிய வழியில்லை. தள்ள முடியாததால் வேலை இல்லை. உஷ்ணம் முழுவதும் உள் சக்தியாகச் சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. சுற்று கிழிந்த கணத்தில் அத்தனையும் ஒரே அறையாக வெளிக்காற்றின்மேல் விழுகிறது. 'டமார்!'

பட்டாசு ஆலையில் மருந்து அளவுக்கு மீறிக் குவிந்தால், அறையின் நாலு சுவரே அந்தச் சணல் சுற்றாகிவிடும். அங்கே சிறு சிறு அறைகளை விலக்கி விலக்கிக் கட்டுவதும், அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் அளவு வைத்திருப்பதும் இதனால்தான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். உதவிக்கு ஓடிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் சூலக்கரையில் மறுபடி நின்றோம். உச்சி வெயில். "இன்னும் நாலு அடி அடியுங்களேன், அண்ணாச்சி" என்றோம்.

"போதும் ஸார். இந்த வெயில்லே காத்தைக் கொஞ்சம் கம்மியாத்தான் வைக்கணும்" என்று பம்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டார்.