சந்திக்கடை யார் பெயரில்?

சகோதரிகளே, 1956இல் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையின் சம்பள நாளை நம்பிச் சந்திக்கடைகள் நடந்தன. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. யுத்தம் கடைக்காரர் பலரைப் பறித்தது. மனைவிமார் தராசும் கடன் கொப்பியுமாகக் கல்லாவில் அமர்ந்தனர்.

ஆனால் கடை அரச காணியில் இருந்தால், அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவர் பெயரிலேயே கிடக்கும். பின்னுரித்தாளி பெயரிடப்படாவிட்டால், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிள்ளைகளில் மகனையே முற்படுத்தியது. மூத்தவள் மகளாயினும் பின்னுக்கே நின்றாள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முன்னுரிமையை நீக்கியது.

விவாக, மரணச் சான்றிதழ்களுடன் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குச் செல்லுங்கள். பத்திரத்தில் யார் பெயர், பின்னுரித்தாளி யார் என்று கேட்டறியுங்கள். கடையைக் காத்த கைக்கு உரிமையும் வேண்டும்.