வரிக்குப் பாலம் உண்டு, சேமநிதிக்கு இல்லை

ஜோகூர் பாருவில் என் தங்கை வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கு எரியத் தொடங்கிவிடும். மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து, ஏழு மணிக்குள் சிங்கப்பூரில் உள்ள தொழிற்சாலையில் இருந்தாக வேண்டும். இளையவன் எட்டு மணிக்கு மேல் சாவகாசமாகப் புறப்படுவான். அவனுக்குப் பாசிர் கூடாங்கில் வேலை. இருவரும் மலேசியக் குடிமக்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள். மூத்தவன் மாதம் 3,000 சிங்கப்பூர் வெள்ளி ஈட்டுகிறான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைப்பதால், 3,500 ரிங்கிட் வாங்கும் தம்பியைப்போல அவனுக்கு இரண்டரை மடங்குக்கும் மேல் வருமானம். குடும்பத்தில் 'வசதியானவன்' என்ற பெயர் அவனுக்குத்தான்.

சென்ற ஆண்டு ஒரு மாதம் அங்குத் தங்கியிருந்தேன். ஓரிரவு இளையவன் தன் கைப்பேசியில் ஊழியர் சேமநிதிக் கணக்கைத் திறந்து இருப்பைக் காட்டினான். மூத்தவனும் விளையாட்டாகத் தன் கணக்கைத் திறந்தான். சிங்கப்பூருக்குப் போவதற்கு முன் மூன்று ஆண்டுகள் உள்ளூரில் வேலை பார்த்தபோது சேர்ந்த சிறு தொகையும் அதன் ஈவுத்தொகையும் மட்டுமே அதில் இருந்தன. அவனுக்கு வயது 41. சிங்கப்பூரில் உழைத்த 15 ஆண்டுகளுக்கு எந்த நாட்டுச் சேமநிதியிலும் ஒரு காசும் இல்லை. "வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறேனே மாமா" என்றான். அவன் சொன்னது உண்மைதான். வரியில் அவனுக்குச் சிக்கல் எதுவும் இல்லை.

வரியைப் பொறுத்தவரை இவ்விரு அண்டை நாடுகளும் நெடுநாளைக்கு முன்பே கணக்கைத் தீர்த்துக்கொண்டுவிட்டன. இரட்டை வரி விதிப்பைத் தவிர்க்கும் ஒப்பந்தம் 1968-இல் ஏற்பட்டது. 2004-இல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை விதி எளியது: உழைப்பு எங்கு நிகழ்கிறதோ, அங்கு வரி. ஓர் ஆண்டில் 183 நாள்களோ அதற்கு மேலோ சிங்கப்பூரில் வேலை செய்பவர் அங்கு வரி நோக்கில் உள்நாட்டவராகக் கருதப்படுகிறார். மூத்தவனின் ஆண்டு வருமானம் 36,000 வெள்ளி. உழைப்பு வருமானத்துக்கான 1,000 வெள்ளிக் கழிவு போக 35,000. முதல் 20,000-க்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 சதவீதம். எஞ்சிய 5,000-க்கு 3.5 சதவீதம். ஆக, ஆண்டுக்கு 375 வெள்ளி. வருமானத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்! சிங்கப்பூரில் ஆற்றிய வேலைக்கான ஊதியத்தின் மீது மலேசியா வரி கேட்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, 183 நாள் என்ற எல்லை. ஐந்து மாதம் மட்டும் வேலை செய்து 15,000 வெள்ளி ஈட்டியவர், வேலை இரு ஆண்டுகளில் தொடர்ச்சியாக விரிந்து அந்த எல்லையை எட்டினாலன்றி, வெளிநாட்டவராகக் கணக்கிடப்படுவார். அப்போது 15 சதவீதம், அதாவது 2,250 வெள்ளி வரி. உள்நாட்டவராக இருந்தால் அதே தொகைக்கு வரியே இல்லை. இரண்டாவது, வேலையை விடும்போது வெளிநாட்டு ஊழியரின் வரிக்கணக்கு தீரும்வரை நிறுவனம் கடைசி ஊதியத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற சட்டம். கையில் காசில்லாமல் அந்த வாரங்களைக் கடப்பதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். மூன்றாவது, பெருந்தொற்றுக்குப் பின் பரவிய வழக்கம்: சிங்கப்பூர் நிறுவனத்துக்காக ஜோகூர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்வது. ஊதியம் சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் உழைப்பு மலேசிய மண்ணில் நிகழ்வதால் அந்தப் பகுதிக்கு மலேசியாவில் வரி உண்டு. 'பணம் அங்கிருந்துதானே வருகிறது' என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள்.

இவை கவனத்தாலும் ஒரு நல்ல கணக்காளராலும் தீரக்கூடியவை. சேமநிதியின் கதை வேறு.

இரு நாட்டுச் சேமநிதிகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், மலாயாவின் ஊழியர் சேமநிதி 1951-இலும், சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955-இலும் தொடங்கப்பட்டன. ஓய்வூதியச் சுமையை அரசு ஏற்காமல், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து சேமிக்கட்டும் என்பதே இரண்டின் கருத்தும். 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் சரிக்குச் சரி மாறிக்கொண்டிருந்தன. பிறகு அதுவும் நின்றது. சேமநிதிகளும் தத்தம் வேலிக்குள் வளர்ந்தன.

சிங்கப்பூர் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. 55 வயது வரை ஊழியர் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம், ஆக 37 சதவீதம். 3,000 வெள்ளி வாங்கும் சிங்கப்பூரர் ஒருவரின் கணக்கில் மாதம் 1,110 வெள்ளி சேர்கிறது. அதே ஊதியத்துக்கு அருகில் நின்று அதே வேலையைச் செய்யும் மூத்தவனின் கணக்கில் எதுவும் சேர்வதில்லை. அவனுக்காக முதலாளி மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துகிறார், ஆனால் அது அயல்நாட்டுத் தொழிலாளர் தீர்வையாக அரசின் கருவூலத்துக்குப் போகிறது.

இழப்பை மிகைப்படுத்தவும் கூடாது. சிங்கப்பூரர் 20 சதவீதம் போக 2,400 வெள்ளியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மூத்தவன் முழு 3,000 வெள்ளியையும் கொண்டுவருகிறான். ஆகவே, அந்த 600 வெள்ளி இழப்பு அன்று. அவன் சேமிக்கத் தவறியது. முதலாளியின் 17 சதவீதமான 510 வெள்ளிதான் அவனுக்கு எட்டாதது. அதிலும் ஒரு பொருளாதார நுணுக்கம் உண்டு. நாளை முதலாளிகள் அயல்நாட்டவருக்கும் சந்தா செலுத்த வேண்டும் என்று சட்டம் வந்தால், காலப்போக்கில் அதில் ஒரு பகுதியை ஊதிய உயர்வைக் குறைத்து அவர்கள் ஈடுகட்டிக்கொள்வார்கள். இதைத்தான் நான் வகுப்பில் பல்லாண்டு கற்பித்தேன். ஆயினும், கையில் வரும் ரொக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் பணமே முதுமை வரை நிலைக்கிறது. இளையவன் 3,500 ரிங்கிட்டில் 11 சதவீதமான 385-ஐயும், முதலாளியின் 13 சதவீதமான 455-ஐயும் சேர்த்து மாதம் 840 ரிங்கிட் சேமிக்கிறான். அவன் அண்ணனைவிடச் சிக்கனக்காரன் அல்லன். அவனுக்காகச் சட்டம் சிக்கனமாக இருக்கிறது.

மூத்தவனுக்கு வழியே இல்லையா? மலேசிய ஊழியர் சேமநிதியில் எவரும் தன்விருப்பமாக ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட் வரை செலுத்தலாம். குறைந்தபட்சம் 2.5 சதவீத ஈவுத்தொகைக்கு உறுதி உண்டு. 2024-ஆம் ஆண்டுக்கு 6.3 சதவீதம் அறிவிக்கப்பட்டது. மாதம் 2,000 ரிங்கிட் வீதம் 14 ஆண்டுகள் போட்டு, 5 சதவீத ஈவுத்தொகை கிடைத்தால், 55 வயதில் ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் ரிங்கிட் இருக்கும். அச்சந்தாவுக்கு மலேசியா வரிக்கழிவு தருகிறது. ஆனால், மலேசியாவில் வரியே கட்டாத இவனுக்கு அக்கழிவால் பயன் இல்லை. சிங்கப்பூரில் அயல்நாட்டவர் ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை செலுத்தக்கூடிய துணை ஓய்வூதியத் திட்டம் ஒன்று உண்டு. அது வரியைக் குறைப்பதற்கானது. பெரும் சம்பளம் வாங்கும் பொறியாளருக்கு அது கைகொடுக்கும். 375 வெள்ளி வரி கட்டுபவருக்கு அதில் என்ன மிஞ்சும்? இரு நாடுகளின் ஊக்கச் சலுகைகளும் வரி வழியாகவே வருவதால், குறைந்த வரி கட்டும் தொழிலாளி இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போகிறார்.

தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் சிங்கப்பூர் செல்லும் நம் இளைஞர்களின் நிலையும் இதுவே. வெளிநாட்டில் வாழும் இந்தியர் நம் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிற அண்டை நாடுகள் இதை வேறு விதமாகக் கையாள்கின்றன. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே 1984 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. இரு நாடுகளிலும் உழைத்த ஆண்டுகளைக் கூட்டி ஓய்வூதியத் தகுதி கணக்கிடப்படுகிறது. அங்கு ஓய்வூதியம் உழைத்த ஆண்டுகளை வைத்துக் கணக்கிடப்படுவதால் அது முடிகிறது. தனிக்கணக்கில் பணமாகச் சேரும் சேமநிதியில் கூட்டுவதற்கு ஆண்டுகள் இல்லை. பணத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு வகையில் அது இன்னும் எளிது. ஆசியான் நாடுகள் 2022-இல் புலம்பெயர் தொழிலாளரின் சமூகப் பாதுகாப்புப் பயன்களை எல்லை கடந்து எடுத்துச் செல்வது பற்றிய பிரகடனத்தை ஏற்றன. மலேசியா 2025 அக்டோபர் முதல் அயல்நாட்டு ஊழியருக்கும் தலா 2 சதவீதச் சந்தாவைக் கட்டாயமாக்கியது. சிறு தொகைதான்; கொள்கையளவில் அது பெரிய அடி. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தை ஒட்டி, தகுதியுள்ள வல்லுநர்களுக்கு மலேசியா 15 சதவீத வருமான வரிச் சலுகை அறிவித்தது. அந்த மேசையிலேயே, அயல்நாட்டுத் தொழிலாளர் தீர்வையில் ஒரு பங்கை அந்தந்தத் தொழிலாளியின் மலேசியச் சேமநிதிக் கணக்குக்குத் திருப்பலாம் என்ற யோசனையையும் வைத்திருக்கலாம். முதலாளிக்குக் கூடுதல் செலவு இல்லை, ஊதியமும் குறையாது. சிங்கப்பூர்க் கருவூலம் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவே.

நான் புறப்பட்ட அன்று மூத்தவனிடம் ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, மோட்டார் சைக்கிள் தவணை என்று அவன் எதிர்க்கணக்கு ஒன்று சொன்னான். அதுவும் சரியாகத்தான் இருந்தது. போன மாதம் தொலைபேசியில், சம்பள நாளிலேயே சேமநிதிக்கு 500 ரிங்கிட் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னான். "நீங்கள் எழுதியதில் கால்பங்குதான் மாமா" என்றான்.